ஏரோது எரித்த ஏடும் மத்தேயு எழுதிய ஏடும்



அளவெட்டியில் ஒரு முதியவர் இறைவனடி சேர்ந்தார். அவரது முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலிக்குச் சில நாட்கள் முன்னதாக, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மூத்த மகன் என்னைத் தேடி வந்தார். நினைவு மலருக்கென்று எழுதிய தந்தையின் வாழ்க்கை வரலாற்றை என் கையில் தந்து, "சுவாமி, ஒருக்காப் பார்த்துத் திருத்தித் தாருங்கோ" என்றார்.

படித்தேன். நல்ல தமிழ். செல்வாக்கு மிக்க பழங்குடியில் தோன்றியவர், பரம்பரை நிலக்கிழார், இளமை முதலே ஊரின் முன்னணியில் நின்றவர் என்று அது தொடங்கியது. எனக்குத் தெரிந்த மனிதரை அந்தத் தாள்களில் காண முடியவில்லை. நான் அறிந்தவர், இளமையில் பிறருடைய புகையிலைத் தோட்டங்களில் கூலிக்குத் துலா மிதித்தவர். குத்தகைக்கு எடுத்த நாலு பரப்பில் வெங்காயம் நட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். அதை அவரே என்னிடம் பலமுறை மனநிறைவோடு கூறியிருக்கிறார்.

நான் தயங்கியதைக் கண்ட மகன் தலை குனிந்தார். "பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுற நேரம், சுவாமி. உந்தப் புத்தகம் நாலு வீட்டுக்குப் போகும்" என்றார். அவர் பொய்யர் அல்லர். தந்தையை இழிவுபடுத்த விரும்பியவரும் அல்லர். ஊர் தம் தந்தையை உயர்வாக நினைக்க வேண்டும் என்று விரும்பிய மகன். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு அன்றிரவு நெடுநேரம் சிந்தித்தேன். எதிர்பாராத இடத்திலிருந்து உயர்ந்தவர்களின் கதையை எழுத நேரும்போது மனிதர் என்ன செய்கிறார்கள்? இது நம் ஊரின் கேள்வி மட்டுமன்று. பழங்கால வரலாற்றாசிரியர் அனைவரையும் வருத்திய கேள்வி.

அரியணைக்கு ஓர் அடையாளம்

அரசனின் மூத்த மகன் அரசனாவதில் வியப்பில்லை. அதை எழுத ஒரு வரி போதும். அடிமையின் மகனோ, இடையனோ, ஒளித்து வளர்க்கப்பட்ட பிள்ளையோ அரியணை ஏறும்போதுதான் எழுதுபவனுக்கு இடர் உண்டாகிறது. "இவன் எப்படி அரசனானான்?" என்று மக்கள் கேட்பார்கள். அதற்கு விடையாகப் பழைய நூல்கள் ஓர் அடையாளத்தை முன்வைக்கும்.

நம் தமிழ் மரபிலும் அது உண்டு. கழுமலத்தில் கட்டப்பட்டிருந்த யானை, கருவூரில் இருந்த கரிகாலனைத் தேடிச் சென்று கொண்டுவந்து அரசனாக்கிய செய்தியைப் பழமொழி நானூறு குறிப்பிடுகிறது. உரோமை வரலாற்றை எழுதிய லிவி, சேர்வியுஸ் துல்லியுஸ் என்ற அரசர் சிறுவனாகத் தூங்கியபோது அவர் தலையைச் சுற்றி நெருப்பு எரிந்ததாகக் கூறுகிறார். அந்த அரசரின் தாய் ஓர் அடிமை என்பது உரோமரிடையே வழங்கிய செய்தி. லிவியோ அதை ஏற்க மறுக்கிறார். அரசர் வீட்டில் மருமகனாக ஏற்கப்பட்டவர் அடிமையின் பிள்ளையாக இருந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். நெருப்பை ஏற்றுக்கொண்டு எழுதிய பேராசிரியருக்கு அடிமைத் தாயை ஏற்பது கடினமாயிருந்தது! என் மேசைமீது கிடந்த நினைவு மலர்த் தாள்களையும் அவரையும் மாறி மாறி எண்ணிப் பார்த்தேன்.

எல்லா வரலாற்றாசிரியரும் புகழ்ந்து எழுதவில்லை. கி.பி. 41இல் கலிகுலா கொல்லப்பட்டபோது, அஞ்சித் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்த கிளவுதியுசின் கால்களை ஒரு போர்வீரன் கண்டான். தன்னைக் கொல்லப் போகிறான் என்று நடுங்கியவரையே பேரரசர் என்று வாழ்த்தினான். இதைச் சுவேத்தோனியுஸ் சற்று ஏளனத்துடனேயே எழுதியுள்ளார். ஆக, எதிர்பாராத அரசனை எழுதுபவர் முன்னே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அவனது எளிய தோற்றத்தை அடையாளங்களால் மூடுவது. மற்றது, அதையே சொல்லிச் சிரிப்பது.

வெற்றிலையில் மறைந்த சுண்ணாம்பு

நம் இலங்கைத் தீவிலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. மகாவம்சத்தின் 35ஆம் அதிகாரம் கூறும் கதை இது.

யசலாலக திஸ்ஸன் என்ற அரசனின் வாயிற்காவலன் மகன் சுபன் என்பவன், உருவில் அரசனைப் போலவே இருந்தான். விளையாட்டுக்காக அரசன் தன் அணிகலன்களை அவனுக்குப் பூட்டி அரியணையில் இருத்துவான். தான் காவலன் உடையில் கோலுடன் வாயிலில் நிற்பான். அமைச்சர்கள் சுபனை வணங்குவதைக் கண்டு நகைப்பான். ஒருநாள் அரியணையிலிருந்த சுபன், "என் முன்னிலையில் இந்தக் காவலன் ஏன் சிரிக்கிறான்?" என்ற பொருள்படக் கேட்டு, உண்மையான அரசனையே கொல்லச் செய்தான். ஆறு ஆண்டுகள் ஆண்டான்.

பின்னர், வசபன் என்ற பெயருடைய ஒருவன் அரசனாவான் என்பதைச் சுபன் கேள்விப்பட்டான். அப்பெயருடைய அனைவரையும் கொல்லக் கட்டளையிட்டான். வட பகுதியைச் சேர்ந்த வசபன் என்ற இளைஞன் படைத்தலைவனான தன் மாமனிடம் பணிபுரிந்துவந்தான். மாமனே அவனைக் காட்டிக்கொடுக்க எண்ணி அரண்மனைக்கு அழைத்துச் சென்றான். மாமனின் மனைவி அன்று வெற்றிலையைச் சுண்ணாம்பின்றிக் கொடுத்துவிட்டாள். வாயிலில் அதைக் கண்ட மாமன், சுண்ணாம்பு எடுத்துவர இளைஞனைத் திருப்பி அனுப்பினான். வீடு வந்தவனிடம் அவள் உண்மையைச் சொல்லி, ஆயிரம் காசு தந்து தப்பிக்கச் செய்தாள். ஓடிப்போன இடத்தில் ஒரு தொழுநோயாளர், "நீ அரசனாவாய்" என்றார். அவ்வாறே வசபன் சுபனை வென்று 44 ஆண்டுகள் ஆண்டான் என்பது மகாவம்சத்தின் கூற்று.

இந்த வசபனின் பெயர் யாழ்ப்பாணத்துக்கும் புதிதன்று. 1936ஆம் ஆண்டில் வடமராட்சியின் வல்லிபுரத்தில் ஒரு பொற்சாசனம் கிடைத்தது. அதில் வசப மன்னனின் காலமும், நாகதீபத்தை நிர்வகித்த அமைச்சரின் பெயரும் குறிக்கப்பட்டிருப்பதாக அறிஞர் பலர் வாசித்துள்ளனர். சிறிய பொற்தகடு அது. அதில் தொழுநோயாளர் இல்லை, வெற்றிலை இல்லை, அரசன் பெயரும் செய்த பணியும் மட்டுமே உள்ளன. மகாவம்சமோ வசபனுக்குச் சில நூற்றாண்டுகள் கழிந்து எழுதப்பட்டது. வெற்றி பெற்றவனின் வாழ்வைப் பின்னோக்கிப் பார்க்கும்போதுதான், அவன் வழியெங்கும் அடையாளங்கள் இருந்ததாகத் தெரிகிறது போலும்.

குறிப்பிட்ட பெயருள்ளவரையெல்லாம் கொல் என்ற கட்டளையைப் படிக்கும் கிறிஸ்தவ மனம் உடனே பெத்லகேமை நினைக்கும். ஒரு நூலாசிரியர் மற்றவரைப் பார்த்து எழுதினார் என்று கருத இடமில்லை. ஆயினும் இரு கதைகளும் ஓர் உண்மையைத் தொடுகின்றன: தகுதியின்றி ஆட்சியைப் பிடித்தவனுக்கு அடுத்து வருபவனின் பெயரே அச்சந்தரும். அந்த ஏரோதின் கதைக்கு இனி வருவோம்.

ஏரோது தேடிய பரம்பரை

ஏரோது அரச மரபினன் அல்லன். தந்தை அந்திப்பாத்தர் இதுமேயர்; தாய் அரபு இனத்தவர். கி.மு. 40இல் உரோமை ஆட்சி மன்றம் அவனை யூதரின் அரசனாக அறிவித்தது. எருசலேமை அவன் கைப்பற்றியதோ மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர். பட்டம் உரோமையில் கிடைத்தது. மக்கள் மனத்தில் கிடைக்கவில்லை.

ஆகவே அவனுக்கும் ஓர் "அடையாளம்" தேவைப்பட்டது. அவன் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே மெனகேம் என்ற எசேனியத் துறவி, "யூதரின் அரசன்" என்று அவனை வாழ்த்தியதாக யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதுகிறார். ஒரு பரம்பரையும் தேவைப்பட்டது. அவனுடைய அவையிலிருந்த தமஸ்குவின் நிக்கொலாவு, அந்திப்பாத்தர் பாபிலோனிலிருந்து திரும்பிய முதன்மையான யூதக் குடும்பத்தில் தோன்றியவர் என்று எழுதினார். ஏரோதை மகிழ்விக்கவே அவ்வாறு எழுதினார் என்று யோசேப்பு ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறார்.

3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் தரும் செய்தி இன்னும் கூரியது. திருச்சபை வரலாற்றை எழுதிய ஆயர் யூசேபியுஸ் அதைப் பேணித் தந்துள்ளார். தன் தாழ்ந்த தோற்றம் உள்ளத்தை உறுத்தியமையால், யூதக் குடும்பங்களின் தலைமுறை அட்டவணை ஏடுகளை ஏரோது எரித்துவிட்டானாம். பிறருடைய பரம்பரைக்குச் சான்று இல்லாமற்போனால், தன் பரம்பரையின்மையும் தெரியாமற்போகும் என்பது அவன் எண்ணம். இது நிகழ்ந்தவாறே நிகழ்ந்ததா என்பதை வரலாற்றறிஞர் ஆராயட்டும். தொடக்ககாலக் கிறிஸ்தவர் ஏரோதை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

மறைக்காத நூல்

திருவிவிலியத்தைத் திறந்து பாருங்கள். எதிர்பாராத அரசர்கள் அங்கும் நிறைந்துள்ளனர். இஸ்ரயேலின் முதல் அரசர் சவுல், காணாமற்போன கழுதைகளைத் தேடிச் சென்றவர் (1 சாமு 9). குலங்களுள் சிறியதான பென்யமினைச் சேர்ந்தவர். தேர்ந்தெடுக்கப்பட்ட நாளில் பொருட்குவியலிடையே ஒளிந்துகொண்டவர் (1 சாமு 10). கிளவுதியுசின் திரைச்சீலை நினைவுக்கு வருகிறதல்லவா? ஆனால், இங்கே ஏளனம் இல்லை. அச்சம் அச்சமாகவே சொல்லப்படுகிறது.

தாவீதையோ அவர் தந்தையே மறந்துவிட்டார். ஏழு மக்களைச் சாமுவேலின் முன் நிறுத்திய ஈசாய், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளையவனை அழைக்கவில்லை. இறைவாக்கினர் கேட்ட பின்னரே ஆள் அனுப்பினார் (1 சாமு 16). மனிதர் முகத்தைப் பார்க்க, ஆண்டவர் அகத்தைப் பார்ப்பதாக அப்பகுதி நமக்குக் கற்பிக்கிறது. அரசரான பின் நாத்தான் வழியாகப் பேசிய ஆண்டவரும், மேய்ச்சல் நிலத்திலிருந்து அவரை எடுத்ததைத்தான் முதலில் நினைவூட்டினார் (2 சாமு 7). அரண்மனைக்குப் போனதும் ஆட்டுப்பட்டியை மறைக்க விவிலிய ஆசிரியர் முயலவில்லை. பத்சேபாவோடு தாவீது செய்த பாவத்தையும், உரியாவின் கொலையையும் அவர் மறைக்கவில்லை. தம் மாபெரும் அரசரின் குற்றத்தை இவ்வளவு விரிவாக எழுதி, அதையே இறைவேண்டலின்போது வாசித்த மக்கள் பழங்காலத்தில் அரியர்.

இந்தப் பின்னணியில் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை வாசிக்க வேண்டும். டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் அதை வாசிக்கும்போது நாங்கள் குருக்களே பெயர்களில் தடுமாறுவதுண்டு. நீங்களும் எப்போது முடியும் என்று காத்திருப்பீர்கள். ஆனால், அந்தப் பட்டியலில் நான்கு பெண்கள் நிற்கிறார்கள். விலைமகள் கோலம் பூண்டு யூதாவின் பிள்ளைகளை ஈன்ற தாமார். எரிகோவின் விலைமாது இராகாபு. மோவாபிய அந்நியப் பெண் ரூத்து. பின்னர் உரியாவின் மனைவி. பத்சேபா என்ற பெயரைக்கூட மத்தேயு எழுதவில்லை. உரியாவின் மனைவியாக இருந்தவர் என்றே குறிக்கிறார். தாவீதின் குற்றம் மீட்பரின் தலைமுறை அட்டவணையிலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஏரோது ஏட்டை எரித்தான். மத்தேயு ஏட்டை எழுதினார். எரிக்க வேண்டும் என்று நாம் நினைக்கக்கூடிய வரிகளை அவரே தேடிச் சேர்த்தார். அடுத்த அதிகாரத்தில் ஞானியர் எருசலேமுக்கு வந்து, யூதரின் அரசராகப் பிறந்தவர் எங்கே என்று வினவினர். உரோமை ஏரோதுக்கு வழங்கிய பட்டமல்லவா அது? அவன் ஏன் கலங்கினான் என்பது இப்போது விளங்கும்.

அதே பட்டம் கல்வாரியில் மும்மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. தலைமைக் குருக்கள் அதைத் திருத்தச் சொன்னார்கள். பிலாத்து மறுத்துவிட்டான் (யோவா 19). திருத்தப்படாத அந்தப் பலகையின் கீழே, எவரும் எதிர்பாராத அரசர் முள்முடியோடு தொங்கினார். 1925ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ஏற்படுத்திய கிறிஸ்து அரசர் பெருவிழாவில் நாம் கொண்டாடுவது இந்த அரசரையே.

நம் மண்ணின் ஏடுகள்

நம் அயற்கிராமமான மாதகலைச் சேர்ந்த மயில்வாகனப் புலவர், 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். கண்பார்வையற்ற யாழ்ப்பாடி ஒருவர் பாடிப் பரிசாகப் பெற்ற மணல் நிலமே யாழ்ப்பாணம் என்ற கதையை அது சொல்கிறது. நம் நாட்டின் முதல் தலைவராகக் கண்ணற்ற ஒரு பாணரை நினைவிற் கொண்டது நம் மரபின் பெருமை. அதே நூல் சங்கிலி மன்னனை எழுதும்போது வேறு குரலில் பேசுகிறது. அவன் காமக்கிழத்தியின் மகன் என்றும், மூத்தவனுக்கு நஞ்சூட்டியவன் என்றும், மற்றொரு சகோதரனைக் குத்திக் கொன்றவன் என்றும் கூறுகிறது.

கத்தோலிக்கராகிய நமக்குச் சங்கிலியின் பெயர் 1544ஆம் ஆண்டை நினைவூட்டும். மன்னாரில் விசுவாசத்துக்காக உயிர்நீத்தவர்களை நாம் பக்தியோடு நினைவுகூருகிறோம். ஆயினும் ஒன்றைக் கவனிப்போம். சங்கிலியைப் பற்றி எழுதியவர்கள் அவனோடு பகைகொண்டிருந்த போர்த்துக்கேயரும், யாழ்ப்பாண அரசு 1619இல் வீழ்ந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் எழுதிய புலவருமே. அவனது செயலை நாம் கண்டிக்கலாம். அதற்காக அவன் தாயின் பிறப்பை இழித்துப் பேசத் தேவையில்லை. மன்னார் வேதசாட்சிகளின் குருதிக்கு அத்தகைய துணைச்சான்று வேண்டியதில்லை. பிடித்தவர்க்குப் பரம்பரையைச் சூட்டுவதும், பிடிக்காதவர்க்குத் தாயைக் குறைகூறுவதும் ஒரே நோயின் இரு முகங்கள்.

அந்த நோய் நம் வீடுகளில் இல்லையா? "ஆர் ஆக்கள்?" என்ற கேள்வி நம் திருமணப் பேச்சுகளில் எத்தனை பிள்ளைகளின் கண்ணீருக்குக் காரணமாகிறது! ஒரே திருவிருந்தில் பங்குகொள்ளும் நாம், கோவில் வாசலைத் தாண்டியதும் ஏரோதின் ஏட்டைத் தேடுகிறோம்.

கிணற்றைக் காத்தவர்

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். மகனும், ஊரிலேயே தந்தையைப் பராமரித்த மகளும் இருந்தார்கள். நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வைப் பற்றி மட்டும் கேட்டேன்.

மகள் சொன்னார். அந்த ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே நடந்து தென்மராட்சிக்குப் போனபோது, அவர்கள் பல குடும்பங்களோடு ஒரு பாடசாலையில் தங்கினார்கள். அங்கே பாழடைந்த கிணறு ஒன்று மட்டுமே இருந்தது. படித்தவர்களும் பதவியிலிருந்தவர்களும் என்ன செய்வதென்று அறியாது நின்றபோது, அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறவாத இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினார். சேற்றை அள்ளினார். ஊற்றுக்கண்ணை விரலால் தொட்டுக் கண்டுபிடித்தார். நீர் தெளிந்த பின் எந்தக் குடும்பத்துக்கு எத்தனை வாளி என்று முறைவைத்தார். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு முதல் வாளி. தம் வீட்டுக்குக் கடைசி வாளி. ஒருவரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால், மாலைச் செபமாலையைத் தொடங்குமாறு அன்று முதல் எல்லாரும் அவரையே கேட்டார்கள்.

சொல்லி முடித்த மகள் தமையனைப் பார்த்தார். "அண்ணை, துலா மிதிச்சதை எடுத்துப்போட்டால், ஐயாவுக்குக் கிணறு தெரிஞ்சது எப்பிடியெண்டு வாசிக்கிற சனத்துக்கு விளங்குமோ?"

மகன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் தாள்களை வாங்கி முதற்பக்கத்தை மடித்தார். வெளிவந்த நினைவு மலரின் முதல் வரி, இளமையில் கூலிக்குத் துலா மிதித்தவர் என்று தொடங்கியது. சம்பந்தப் பேச்சு என்னவாயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். பேசிவந்த ஒரு வீட்டார் பின்வாங்கினார்கள். அது அந்தக் குடும்பத்துக்கு நோவாகத்தான் இருந்தது. நான் அதை மறைக்க விரும்பவில்லை. உண்மைக்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்த பின்னும் அந்த மகன் வரியை மாற்றவில்லை.

"மகாகவி" என்ற புனைபெயரில் எழுதிய அளவெட்டிக் கவிஞர் து. உருத்திரமூர்த்தி தம் நெடும்பா ஒன்றுக்கு "ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்" என்று பெயரிட்டார். சரித்திரம் மன்னர்க்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்ந்த மண் இது. அதை உணர்த்த நற்செய்தியும் நம் வீடுகளில் வாசிக்கப்படுகிறது.

இவ்வாரம் குடும்பச் செபத்தின்போது மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை ஒருவர் உரக்க வாசியுங்கள். அதன்பின் உங்கள் பாட்டன், பாட்டியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் சுமந்த கூடையை, மிதித்த துலாவை, கூசி மறைத்த வறுமையை விட்டுவிடாமல் சொல்லுங்கள். மேய்ச்சல் நிலத்திலிருந்து தாவீதை எடுத்த ஆண்டவர் எங்கிருந்து உங்கள் குடும்பத்தை எடுத்தார் என்பதை அவர்கள் அறியட்டும்.

மாட்டுத்தொழுவில் பிறந்து சிலுவையில் அரசாண்ட ஆண்டவரே, எங்கள் வீட்டு ஏடுகளை எரிக்காதிருக்கும் துணிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.